கோடாலித் தலை கழன்றுகொண்டே இருக்கிறது, புதிதாக எதைப் பார்த்து வாங்குவது?

கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம். காற்றில் விழும் சில்வர் ஓக் கிளைகளைக் கழிக்க, சீகை (வாட்டில் மரம்) விறகு பிளக்க, வேலிக்கு முளை அடிக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கோடாலிதான். இப்போது தலை ஆடுகிறது. தண்ணீரில் ஊறப் போட்டால் இறுகும், வெயில் பட்டதும் மறுபடி ஆடும். வெட்டும் வாயும் மடிகிறது. மழைக்கும் பனிக்கும் தாங்குகிற மாதிரி எது வாங்கலாம்?

பதில் (கொடைக்கானல்):
முளை அடிப்பது எதைக் கொண்டு? கோடாலியின் பின்பக்கத்தாலா? அப்படியானால் கண், அதாவது காம்பு நுழையும் துளை, விரிந்திருக்கும், எந்தக் காம்பும் நிற்காது. அதற்கு ஒரு சம்மட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊறப் போடுவதையும் விடுங்கள். உப்பிய மரம் இரும்புக்குள் நசுங்கும், காய்ந்ததும் முன்பைவிட இளகிவிடும்.

கேட்டவர்:
ஆமாம், பின்பக்கத்தால்தான். கண்ணின் ஒரு ஓரம் பிதுங்கித்தான் இருக்கிறது.

பதில் (கொடைக்கானல்):
சரி, அப்போது புதுசுதான். எல்லா வேலைக்கும் ஒன்று என்றால் தலை ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோவுக்குள் போதும். இரண்டு கிலோ விறகு பிளக்க நல்லது, கிளை கழிக்கும்போது தோள் போய்விடும். கடையில் கண்ணைப் பாருங்கள். துளை மேல்பக்கம் கொஞ்சம் அகன்றிருந்தால்தான் ஆப்பு இறங்கியதும் காம்பு விரிந்து பிடிக்கும். காம்பில் முடிச்சு கூடாது, இழை நேராக ஓட வேண்டும். நுனியைப் பார்த்தால் இழைக் கோடுகள் வாய் இருக்கும் திசையிலேயே போக வேண்டும், குறுக்கே போனால் சீக்கிரம் முறியும். வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேயுங்கள், நம்ம ஊர் ஈரத்துக்கு அதுதான்.

பதில் (மேட்டுப்பாளையம்):
வாய் மடிந்தால் பதம் (இரும்பைக் காய்ச்சி ஏற்றும் கடினம்) போதவில்லை, சில்லு பெயர்ந்தால் பதம் அதிகம். அரத்தை வாயில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள் அண்ணா. கண்ணாடியில் போல வழுக்கினால் வேண்டாம், வெண்ணெய் போல அரித்தாலும் வேண்டாம். தெரிந்த பட்டறையில் லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரச் சொன்னால் இன்னும் நல்லது. காம்புக்குக் கருவேலம் கேளுங்கள்.

கேட்டவர்:
ஃபைபர் காம்பு போட்டது வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார்களே?

பதில் (கொடைக்கானல்):
ஈரத்துக்கு உப்பாது, உண்மைதான். ஆனால் குறி தவறி விறகில் காம்பு மோதி வெடித்தால், பெரும்பாலும் தலையோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டிவரும். மரக்காம்பு என்றால் சாயங்காலமே செதுக்கிப் போட்டுவிடலாம். அப்புறம், கிளை சரி, மரத்தையே சாய்ப்பதாக இருந்தால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள்.