விஸ்காம் இரண்டாம் ஆண்டு: காட்சி ஆய்வு, மூன்று நிமிடக் குறும்படம் - எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் இரண்டு வேலை இருக்கிறது. ஏதாவது ஒரு தமிழ்ப் படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அப்புறம் நான்கு பேர் சேர்ந்து மூன்று நிமிடக் குறும்படம் எடுக்க வேண்டும்.

மிஸ்-ஆன்-சென் (ஃப்ரேமுக்குள் இருப்பதையெல்லாம் அமைப்பது), மான்டாஜ் (ஷாட்டுகளை ஒட்டிப் பொருள் உண்டாக்குவது), 180 டிகிரி விதி (கேமரா ஒரு பக்கத்திலேயே நிற்பது) எல்லாம் படித்தாயிற்று. பரீட்சையில் கேட்டால் எழுதிவிடுவேன். படம் ஓட ஆரம்பித்தால்தான் சிக்கல். ஐந்தே நிமிடத்தில் கதைக்குள் போய்விடுகிறேன். எழுத உட்கார்ந்தால் அவன் வருகிறான், அவள் அழுகிறாள் என்று கதைச் சுருக்கமாகவே வருகிறது. "ஒளிப்பதிவு அருமை" என்பதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை.

குறும்படத்துக்கு எங்களிடம் இருப்பது ஓர் ஆண்ட்ராய்டு போனும் ஒரு பழைய ட்ரைபாடும். கதை சின்னதுதான்: ஒரு பெண் பரீட்சைக் கட்டணம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கிறாள், அவரிடம் பணம் இல்லை. மகளாக நானே நடிக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவி.

—

எடிட்மேசை எழுதியது:

வைகைக்கரை, நான் சென்னையில் எடிட்டராக வேலை பார்க்கிறேன். விஸ்காம் முடித்துவிட்டு உதவியாளராகச் சேர வரும் பிள்ளைகளோடு நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அவர்களும் பெரும்பாலும் நீங்கள் சொன்ன இடத்தில்தான் நிற்பார்கள்: பெயர்கள் தெரியும், பார்க்கப் பழகியிருக்க மாட்டார்கள். இது சரிசெய்யக்கூடியதுதான்.

இரண்டு வேலையையும் தனித்தனியாகச் செய்யாதீர்கள். ஒரு காட்சியை ஆய்வு செய்யும்போது, கேமராவை எங்கே வைப்பது, எப்போது கட் செய்வது என்று இன்னொருவர் எடுத்த முடிவுகளைத்தான் தேடுகிறீர்கள். உங்கள் படத்தில் அதே முடிவுகளை நீங்களே எடுக்கப் போகிறீர்கள். ஆகவே ஓர் அறையில் இரண்டு பேர் பேசும் காட்சியாகவே ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்டுபிடிப்பதெல்லாம் நேராக உங்கள் படத்துக்கு வந்து சேரும்.

முழுப் படத்தை விடுங்கள், இரண்டு நிமிடம் போதும். ஒரு தடவை சத்தத்தோடு பாருங்கள். அடுத்து ம்யூட்டில் போட்டுவிட்டு நோட்டை எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு வரி. ஷாட் எத்தனை விநாடி, வைடா (தூரக் காட்சி) மிட்டா (இடுப்பளவு) க்ளோஸா (கிட்டத்து முகம்), கேமரா நிற்கிறதா நகர்கிறதா, யாருடைய கண் உயரத்தில் இருக்கிறது, ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார் (செட்டில் இதை லெஃப்ட் லுக், ரைட் லுக் என்போம்). கதையைப் பற்றி அந்த நோட்டில் ஒரு வார்த்தை வரக் கூடாது. முடித்ததும் விநாடிகளை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 4, 3, 4, 3 என்று போய்க்கொண்டிருந்து திடீரென்று 11 வரும். அந்த இடத்தில் இயக்குநர் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கட் செய்யாமல் காத்திருக்கிறார். உங்கள் கட்டுரை அங்கிருந்து தொடங்கட்டும்.

அப்புறம் எடிட்டிங் மேசையில் நாங்கள் எந்நேரமும் கேட்கிற கேள்வியை ஒவ்வொரு ஷாட்டிடமும் கேளுங்கள்: இதைத் தூக்கிவிட்டால் என்ன போகும்? உங்கள் கதையையே வைத்துக் காட்டுகிறேன். நான்கு ஷாட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகள் சொல்கிறாள்: "ஃபீஸ் கட்டணும்ப்பா, நாளைக்குக் கடைசி நாள்." அப்பாவின் முகம், பேச்சில்லை. அப்பாவின் கை சட்டைப் பையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்குகிறது. மகளின் முகம்.

மகள், கை, அப்பா முகம் என்று அடுக்கினால், முகம் வருவதற்கு முன்பே பை காலி என்று நமக்குத் தெரிந்துவிடும். அந்த முகத்தில் நாம் கூச்சத்தைப் படிப்போம். மகள், அப்பா முகம், கை என்று மாற்றுங்கள். இப்போது அதே முகம் முதலில் கோபமாகத் தெரியும். கை வந்த பிறகுதான் பார்ப்பவர் மனம் மாறும். கையை எடுத்தே விட்டால், அவர் மகளின் படிப்பில் அக்கறை இல்லாத அப்பா ஆகிவிடுகிறார். நடிகர் ஒன்றையும் மாற்றிச் செய்யவில்லை, மூன்றிலும் அதே ஷாட்தான். 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்து பார்த்தது இதைத்தான்: ஒரே நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும், ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். உங்கள் பாடத்தில் இது கண்டிப்பாக இருக்கும். படித்ததோடு விடாமல் போனில் எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

நீளமும் அப்படித்தான். கை இறங்கிய பிறகு மகளின் முகத்துக்கு வருகிறோம். சினிமாவில் விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படங்கள். ஒரு விநாடியில் கட் செய்தால் பதிலுக்காகக் காத்திருக்கும் பெண். இன்னும் 12 ஃப்ரேம், அதாவது அரை விநாடி கூட நிறுத்தினால், அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வேலையில் பாதி நாள் இந்த அரை விநாடிக்காகத்தான் போகிறது, போக வேண்டியதும்தான்.

எந்தப் படம் என்று கேட்டால் 1988-இல் வந்த பாலு மகேந்திராவின் 'வீடு' என்பேன். திரைக்கதை எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, படத்தொகுப்பும் அவரே செய்த படம். கேமரா, கட் பற்றிய முடிவெல்லாம் ஒரே ஆளுடையது என்பதால் படிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பாட்டு கிடையாது. நடுத்தர வர்க்கத்து வீடு, பணக் கஷ்டம், ஜன்னல் வெளிச்சம் என்று உங்கள் கதைக்கும் ரொம்பப் பக்கம். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி எழும்பி நிற்கும் வீட்டைத் தனியாகப் பார்க்க வரும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போது அவர் பக்கத்தில் போகிறது, எப்போது தள்ளி நிற்கிறது, இளையராஜாவின் இசை எந்த ஷாட்டில் உள்ளே வருகிறது என்று குறியுங்கள்.

எழுதும்போது "ஒளிப்பதிவு அருமை" மாதிரி வரிகள் வந்தால் உடனே அடித்துவிடுங்கள். "அப்பா பேசும்போதெல்லாம் கேமரா மகளின் கண் உயரத்தில் இருக்கிறது, அவர் எழுந்து போன பிறகும் அதே உயரத்தில் நிற்பதால் அவர் கால் மட்டும் தெரிகிறது, இந்த இடத்தை நாம் அவளோடு உட்கார்ந்து பார்க்கிறோம்." இப்படி வர வேண்டும். திரையில் இருப்பது, அது நமக்குச் செய்வது, இரண்டும் ஒரே வாக்கியத்தில்.

படப்பிடிப்பைப் பற்றி இரண்டே விஷயம். அப்பாவையும் மகளையும் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். இருட்டுப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பிடித்தால் முகத்தில் வெளிச்சம் நிரம்பும். அப்பாவிடமிருந்து மகள் வரை இருவரையும் இணைத்துத் தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு (நீங்கள் படித்த 180 டிகிரி விதி இதுதான்), கேமரா அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் இருவரும் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் ஆகி, லுக் மாறிவிடும். எடிட்டில் அதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

—

ஒலிப்பேழை எழுதியது:

எடிட்மேசை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ம்யூட் போட்டுப் பார்த்தால், அதே அளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டும் கேளுங்கள். நான் ஒலிப்பதிவில் இருக்கிறேன். மாணவர் படங்கள் பெரும்பாலும் படத்தில் தேறி, சவுண்டில் விழும்.

உங்கள் காட்சியில் அப்பா பேசவே இல்லை. அப்படியென்றால் அந்த அமைதியில் என்ன கேட்கிறது? பக்கத்து வீட்டு மிக்ஸியா, குழாயடியா, தெருவில் போகிற பால்காரர் மணியா? அதை எழுதி வையுங்கள், அதுவும் திரைக்கதைதான். ஆய்வுக் கட்டுரையிலும் ஒரு பத்தி ஒலிக்கு ஒதுக்குங்கள். வகுப்பில் அனேகமாக வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

எடுக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜையும்தான். மதுரை வெயிலில் கஷ்டம்தான், ஆனாலும் டேக் ஓடும் நேரம் மட்டுமாவது நிறுத்துங்கள். கேமரா போன் மைக்கை நம்ப வேண்டாம். இன்னொரு போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஃப்ரேமுக்கு வெளியே, பேசுகிறவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை கை தட்டுங்கள். கை சேரும் ஃப்ரேமையும் அந்தச் சத்தத்தையும் ஒட்டினால் சிங்க் ஆகிவிடும், அதாவது படமும் ஒலியும் பொருந்திவிடும். கடைசியாக, எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அறையின் அமைதியை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்போம். வசனங்களுக்கு நடுவில் விழும் ஓட்டையை அதுதான் அடைக்கும்.

—

கரும்பலகை எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் படிப்பிக்கிறேன்.

எடிட்மேசை சொன்ன விநாடிக் கணக்கு நல்ல வழிதான். ஆனால் அதை இரண்டாவதாகச் செய்யுங்கோ தங்கச்சி. முதல் தடவை பார்த்து முடித்த உடனே, எந்த இடத்தில் நெஞ்சு இறுகியது, எந்த இடத்தில் கவனம் விலகியது என்று நாலு வரி எழுதுங்கோ. ஏன் என்று பிறகுதான் தேட வேண்டும். கணக்கிலேயே தொடங்கிய பிள்ளைகள் சிலர் அட்டவணையை நிரப்பிவிட்டு, இனி என்ன எழுதுவது என்று என்னிடம் வந்து நிற்பார்கள். முதலில் உணர்ந்ததை எழுதின பிள்ளைக்கு ஒரு கேள்வி கையில் இருக்கும். அட்டவணையில் அதற்குரிய விடையைத் தேடுவாள்.

எங்களிடம் கமரா குறைவு. அதனால் ஒரு பழைய மட்டையில் 16-க்கு 9 என்ற அளவில் நீள்சதுர ஓட்டை வெட்டிக் கொடுப்பேன். சந்தைக்கும் வாவிக் கரைக்கும் கூட்டிப்போய் அதற்குள்ளால் பார்க்கச் சொல்வேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால் வைட் ஷொட், கையை நீட்டிப் பிடித்தால் க்ளோஸ். ஒரு அடி நகர்ந்தால் பின்னணியில் என்ன வருகிறது, என்ன போகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். போனை எடுக்குமுன் இதைச் செய்து பாருங்கோ.

பாலு மகேந்திராவின் பெயர் வந்தது சந்தோஷம். அவர் எங்கள் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஒரு ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைப் பார்த்ததில்தான் சினிமா ஆசை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். இதை என் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வேன்.

—

வைகைக்கரை எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. கரும்பலகை மேடம் சொன்னபடி முதலில் நாலு வரி எழுதிவிட்டு, அப்புறம் தாத்தா காட்சியை ஷாட் ஷாட்டாகக் குறித்தேன். முதல் தடவையாக, பார்த்த படத்தைப் பற்றி எழுத எனக்கு ஏதோ இருக்கிறது. அட்டை ஃப்ரேமும் வெட்டிவிட்டோம். தோழியின் சித்தப்பா அப்பாவாக நடிக்கச் சம்மதித்திருக்கிறார்.

சோதனைக்காக இரண்டு ஷாட் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பிரச்சினை. ராத்திரி ட்யூப்லைட்டில் எடுத்தபோது படத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. இன்னொன்று, கை தட்டி சிங்க் பண்ணியும், ஷாட் முடியும்போது உதடும் குரலும் கொஞ்சம் விலகிப் போகின்றன. என்ன செய்வது?

—

எடிட்மேசை எழுதியது:

கரும்பலகை சொன்ன வரிசைதான் சரி. இனி என் உதவியாளர்களுக்கும் அப்படியே சொல்வேன்.

பட்டை ஓடுவதற்குக் காரணம் மின்சாரம். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை என்று சோக் போட்ட பழைய ட்யூப் விநாடிக்கு 100 தடவை மின்னுகிறது. போன் தானாக எடுக்கும் 30 ஃப்ரேமும் அதன் ஷட்டரும் அதோடு ஒத்துப்போகாது. கேமராவில் ப்ரோ மோட் (எல்லாவற்றையும் கையால் அமைக்கும் வசதி) இருந்தால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 விநாடி என்று வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு மின்னல் விழும், பட்டை போய்விடும். வெளிச்சம் அதிகமென்றால் 1/100. ப்ரோ மோட் இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பைப் போட்டுப் பாருங்கள். எல்லா போனிலும் ஓடாது. அதுவும் ஓடவில்லை என்றால் காட்சியைப் பகலுக்கு மாற்றி ஜன்னலிலேயே எடுங்கள். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) லாக் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சித்தப்பா நகரும்போதெல்லாம் சுவரின் நிறம் மாறும்.

உதடு விலகுவதற்குப் பெரும்பாலும் போனின் ஃப்ரேம் ரேட் காரணமாக இருக்கும். 25 என்று வைத்தாலும் போன் அதைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொண்டே பதிவு செய்யும். எடிட்டில் போடுவதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லா ஃபைலையும் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் (மாறாத ஃப்ரேம் வேகம்), 25 என்று மாற்றிவிடுங்கள். தரத்தைக் குறைக்காதீர்கள், ஒரிஜினலை அழிக்காதீர்கள். சவுண்டு எடுக்கும் போனில் சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளக்கிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். எடிட்டில் டைம்லைனைத் தொடங்கும்போதே 25 என்று வைத்துவிடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கிளிப் உள்ளே போன பிறகு அதை மாற்ற விடாது.