கம்பு குத்திட்டுன்னு சொல்லி வச்ச கண்ணு

தாமிரபரணிக்கரை
என் கொழுந்தனுக்கு வலது கண் செயற்கைக் கண். ஒன்றரை வயதில் விழித்திரைப் புற்று, ரெட்டினோபிளாஸ்டோமா. இடது கண்ணிலும் கட்டி இருந்ததால் அதற்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துக் காப்பாற்றினார்கள். ஊரில் யார் கேட்டாலும் "சின்னதுல கம்பு குத்திட்டு" என்பதுதான் வீட்டுப் பதில். நாளைக்குப் பொண்ணு தேடணுமே! அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

பதினேழு வயதில் முழங்காலுக்குச் சற்று மேலே வலி. கபடி ஆடுகிற பையன், சுளுக்கு என்றார்கள். எண்ணெய் தடவினோம். "பகல்ல பரவால்ல மதினி, ராத்திரிதான் கொல்லுது" என்பான். முதலில் பார்த்த டாக்டரும் கண்ணைப் பற்றிக் கேட்டார். அத்தை அவரிடமும் கம்புக் கதையையே சொல்லிவிட்டார்கள். மாத்திரையோடு அனுப்பினார்.

வீக்கம் வந்தபின் வேறொரு பெரிய டாக்டர். அவர் காலைத் தொடுமுன் முகத்தைப் பார்த்தார். இடது நெற்றிப்பொட்டு குழிந்திருப்பதைக் காட்டி, "சின்னதுல இங்க கரண்ட் வச்சீங்களாம்மா?" என்றார். அத்தை அழுதுவிட்டார்கள். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, பயாப்ஸி: ஆஸ்டியோசர்கோமா, எலும்புப் புற்று. கீமோ கொடுத்து, காலை எடுக்காமலே ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நடக்கிறான்.

"கரண்ட் வச்சது முகத்துல, கட்டி எப்படி தொடையில?" என்று கேட்டேன். டாக்டர் விளக்கினார்: 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 மரபணு கட்டி வளராமல் தடுப்பது. எல்லாருக்கும் அது ரெண்டு பிரதி. ரெண்டு கண்ணிலும் புற்று வந்தவர்களுக்கு உடம்பின் எல்லா உயிரணுக்களிலுமே ஒன்று பழுதாயிருக்கும். மிச்சமிருப்பது எங்கே கெட்டாலும் அங்கே கட்டி வரலாம். 1971லேயே நட்சன் என்பவர் கணக்குப் போட்டுச் சொன்ன விஷயமாம். வளரும் வயதில் எலும்பு, பிறகு தசை, தோல். கரண்ட் பட்ட இடத்தில் ஆபத்து இன்னும் கூடுதல், அதுவும் ஒரு வயதுக்குள் வைத்திருந்தால்.

சம்பந்தி வீட்டில் சொல்வதும் மறைப்பதும் உங்கள் பாடு. டாக்டரிடம் மறைக்காதீங்க.

குற்றாலச் சாரல்
எல்லாரையும் பயமுறுத்திராதீங்க அக்கா. என் மகளுக்கு ஒரு கண்ணில்தான். அப்படி வருகிறவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான் பிறவியிலேயே அந்தப் பழுது இருக்குமாம். இவளுக்கு இல்லை. மற்ற பிள்ளைகளைப் போலத்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

முக்கூடல்காரன்
எனக்கு ரெண்டு கண்ணும். வயசு நாப்பதைத் தாண்டியாச்சு. எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு பீடி சுத்துவாங்க, நானும் குடிச்சவன்தான். "உங்களுக்கு நுரையீரல் ஆபத்து மத்தவனை விட அதிகம்வே, விட்டுரும்" என்று டாக்டர் அண்ணாச்சி ஒரே பிடி. விட்டாச்சு. இப்போ ஸ்கேன்னு சொன்னா, கதிர் படுற சிடிக்குப் பதிலா, கதிர் இல்லாத எம்ஆர்ஐ முடியுமான்னு கேட்டுக்கிடுவேன். மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு சொன்னதால பிறந்த வாரமே கண்ணைப் பார்த்தோம். அவனுக்கு ரத்தத்துல பழுது இல்ல, தப்பிச்சான்.

தாமிரபரணிக்கரை
சாரல் தங்கச்சி, மகளுக்கு ரத்தம் மட்டும் பார்த்தாங்களா?

குற்றாலச் சாரல்
எடுத்த கண்ணிலிருந்த கட்டியையும் சேர்த்துப் பார்த்தாங்க அக்கா. ஒரு கண் கேஸ்ல அப்படிப் பார்த்தாத்தான் "இல்லை"ன்னு உறுதியாச் சொல்ல முடியுமாம். கண்ணை எடுக்கப் போறவங்க, கட்டித் துண்டைப் பத்திரப்படுத்தச் சொல்லி முன்னாடியே கேட்டு வையுங்க.