கலைச்சொல்: கார் ஃபெண்டரில் இருக்கும் எஞ்சின் எண்ணுக்குச் சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

இரா. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

1960-களின் அமெரிக்க காம்பாக்ட் கார்களைப் புதுப்பிக்கும் கையேடு ஒன்று தமிழாக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் வேலை நின்றுவிட்டது.

முதலாவது, முன் ஃபெண்டரில், அதாவது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் உடல்தகட்டில், பதித்திருக்கும் குரோம் எண். ஃபோர்டின் ஃபால்கன் ஸ்பிரிண்ட்டில் 260, மஸ்டங்கில் 289 என்று எஞ்சினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்வது. நான் ‘எஞ்சின் முத்திரை’ என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் ‘எஞ்சின் பட்டயம்’ என்று திருத்தியிருக்கிறார். பட்டயம் என்றதும் எனக்குப் பட்டயப் படிப்புதான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது, பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன். காரின் திறனைக் கூட்ட, வாங்குபவர் தனியாகக் கேட்டுப் பெறுவது. ‘செயல்திறன் விருப்பம்’ என்று போட்டால் யாருடைய விருப்பம் என்று வாசகர் கேட்பார்.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

செ. எழுதியது:

தம்பி, சொல் நம் கையிலேயே இருக்கிறது. பொறி.

பொறி என்றால் இயந்திரம். பொறியியல் அதிலிருந்து வந்ததுதான். பொறி என்றால் இலச்சினையும்கூட. சோழர் புலிப்பொறி, சேரர் விற்பொறி, பாண்டியர் கயற்பொறி. இமயத்தில் பொறித்தார்கள் என்று சொல்கிறோமே, அந்தப் பொறித்தல். இயந்திரத்துக்கும் அடையாளத்துக்கும் ஒரே சொல்லை வேறு எந்த மொழி வைத்திருக்கிறது? இந்தக் காரியத்துக்கென்றே காத்திருந்த சொல் போலிருக்கிறது. தீப்பொறியும் எஞ்சினுக்குள்தான் பறக்கிறது. ‘எஞ்சின்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு ‘பொறியடையாளம்’ என்று எழுதலாம். முத்திரை, சின்னம், இலச்சினை மூன்றும் வடமொழி வழி வந்தவை.

கு. எழுதியது:

செ. ஐயா சொல்லும் பொருள்வளத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கையேட்டை எடுப்பவர் கையில் ஸ்பேனரோடு நிற்பார். ‘பொறி’ என்று படித்ததும் எஞ்சினா, எண்ணா, ஸ்பார்க்கா என்று அவர் நின்று யோசிக்கக் கூடாது.

‘முத்திரை’க்கு என் எதிர்ப்பு வேறு. அது வடசொல் என்பதற்காக அல்ல. முத்திரை என்றால் அதிகாரம் உள்ளவர் சரிபார்த்துக் குத்தியது. ஃபெண்டரில் இருக்கும் எண்ணுக்கு அந்த அதிகாரம் கிடையாது. இரண்டு உதாரணம் போதும்:

1963 பான்டியாக் டெம்பெஸ்ட்டில் வந்த ‘326’ வி8 (எட்டு உருளை எஞ்சின்). அதன் உருளை விட்டம் 3.78 அங்குலம், வீச்சு (பிஸ்டன் நகரும் தூரம்) 3.75. கணக்குப் போட்டால் 336 கன அங்குலத்துக்கு மேல் வருகிறது. 1964-இல் விட்டத்தை 3.72 ஆகக் குறைத்த பிறகுதான் 326 உண்மையிலேயே 326 ஆனது.

1970 செவ்ரொலே நோவாவின் ‘396’. உருளை விட்டத்தை 4.094-இலிருந்து 4.126 அங்குலமாக்கினார்கள், கொள்ளளவு 402 ஆனது. 396 என்ற பெயர் வாங்குபவர் மனதில் நின்றுவிட்டதால் ஃபெண்டரில் எண்ணை மாற்றவில்லை.

இரண்டும் தொழிற்சாலையே செய்தவை. இதற்கு மேல் மறுவார்ப்புச் சின்னம் (பழையதைப் போலவே புதிதாகச் செய்தது) கடையில் கிடைக்கிறது. ஆறு உருளை மஸ்டங்கில் 289 மாட்ட நான்கு ஓட்டை போதும்.

காரில் எஞ்சினைப் பற்றிப் பேசும் இடங்கள் மூன்று. மூன்றுக்கும் மூன்று சொல் வேண்டும், கலக்கக் கூடாது.

ஃபெண்டரில் இருப்பது சின்னம். அழகுக்கும் விளம்பரத்துக்கும்.

உடலில் அறைந்திருக்கும் தகவல் தகடு, வாகன அடையாள எண். இது தகடு. அந்தக்கால ஃபோர்டில் அடையாள எண்ணின் ஐந்தாவது எழுத்துதான் எஞ்சினைச் சொல்லும். 1965 மஸ்டங்கில் அந்த இடத்தில் ‘கே’ இருந்தால் 271 குதிரைத்திறன் 289. 1970 பிளிமத் டஸ்டரில் அதே ஐந்தாம் இடத்தில் ‘ஹெச்’ இருந்தால் 340.

எஞ்சின் கட்டையிலேயே (பிளாக்) வெட்டியிருக்கும் எழுத்துகள். இது பொறிப்பு. 1972-க்கு முந்திய செவ்ரொலேயில் அடையாள எண் ஆறு உருளையா எட்டு உருளையா என்பதோடு நின்றுவிடும். எந்த வி8 என்று தெரிய, வலப்பக்க உருளைத் தலைக்கு முன்னால் இருக்கும் மட்டமான திட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். கம்பித் தூரிகையை அங்கே கொண்டுபோகாதீர்கள். தின்னர் நனைத்த துணி போதும். திட்டைத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டால் எழுத்தும் போகும், அதோடு அந்த எஞ்சினின் சான்றும் போகும்.

செ. ஐயாவின் ‘பொறி’க்கு உரிய இடம் இந்த மூன்றாவதுதான். உண்மையிலேயே பொறித்தது அதுதானே.

யா. எழுதியது:

கு. அண்ணா பிரித்தது சரி. இலச்சினை பற்றி ஒன்று சொல்ல வேணும். எங்கட பக்கத்தில இலச்சினை எண்டால் நிறுவனத்தின்ர அல்லது அரசின்ர அடையாளம். செவ்ரொலேயின்ர வில்முடிச்சு இலச்சினை. ஃபெண்டரில இருக்கிற 327 இலச்சினை இல்லை. இந்தக் கையேட்டில ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில வரும், ஆனபடியால் இலச்சினையை நிறுவனத்துக்கே விட்டுவிடுங்கோ.

ஆப்ஷனுக்கு ‘தெரிவு’. இலங்கையில் பாடப்புத்தகத்தில இருந்து படிவம் வரைக்கும் புழங்கிற சொல். ‘விருப்பத்தேர்வு’ நீளம்.

செ. எழுதியது:

தெரிவு நல்ல சொல். ஏற்கிறேன்.

சின்னத்தை ஏற்க மனம் வரவில்லை. இன்னொரு சொல் தருகிறேன்: கொடிஞ்சி. சங்கப் பாட்டில் தேர் வரும் இடங்களில் கொடிஞ்சி வரும். தேரின் முன்புறத்தில் தாமரை மொட்டு வடிவில் நாட்டிய அணி உறுப்பு அது. வண்டியின் உடலில், முன்பக்கம், அழகுக்காக, வண்டியின் பெருமையைச் சொல்ல வைத்தது. தேரும் ஊர்தி, காரும் ஊர்தி.

கு. எழுதியது:

கொடிஞ்சி கைப்பிடியும் அல்லவா ஐயா? தேரில் நிற்பவர் பிடித்துக்கொள்வது. காரில் அதற்கு நெருக்கமானது போனட் நுனியில் நிற்கும் உருவம். அதற்குக் கொடிஞ்சியை எழுதினால் நானே கைதூக்குவேன். ஃபெண்டர் எண் தட்டையாகக் கிடப்பது.

இரா. எழுதியது:

விவாதம் நன்றாகப் போகிறது. ஆனால் எனக்கு இன்னும் இரண்டு நாள்தான். கு. அண்ணாவின் மூன்று சொற்களையும் வைத்து ஒரு பத்தியை எழுதிப் பார்த்தேன். வாசித்துப் பார்த்து எங்கே தட்டுகிறது என்று சொல்லுங்கள்.

“சின்னத்தை முன்பக்கத்திலிருந்து ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பெயின்ட் உரியும், சின்னமும் வளையும். சக்கரத்தைக் கழற்றி, ஃபெண்டரின் உட்புறம் கை நுழைய வழிசெய்யவும். சின்னத்தின் பின்னால் நீட்டியிருக்கும் காம்புகள் நட்டாலோ, ஓட்டைக்குள் செருகிய சிறு குழல் பிடிகளாலோ பிடிபட்டிருக்கும். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடவும். காம்பும் சின்னமும் ஒரே துத்தநாக வார்ப்பு. முறுக்கினால் காம்பு அடியோடு ஒடியும். நட்டு அசையாவிட்டால் பலம் போடாமல் நட்டையே வெட்டி எடுக்கவும். பிறகு உட்புறமிருந்து காம்புகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தள்ளவும்.

குரோமில் கொப்புளம் தெரிந்தால் அடியிலிருக்கும் துத்தநாகம் அரித்திருக்கிறது என்று பொருள். மேலே தேய்ப்பதால் அது போகாது. பழைய பூச்சை நீக்கி, செம்பு முலாம் ஏற்றிக் குழிகளை நிரப்பி, தேய்த்து, மீண்டும் செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியில் குரோம். தேய்ப்பில் அவசரப்பட்டால் எண்ணின் விளிம்பு மழுங்கி 289-இன் 8 உருண்டைகளாகத் தெரியும்.

எண்ணின் பள்ளத்தில் வண்ணம் நிரப்ப, எனாமலை மெல்லிய தூரிகையால் தாராளமாக இடவும். அது இறுகத் தொடங்கும்போது, ஒரு மரக்கட்டையில் துணியை இழுத்துச் சுற்றி, தின்னர் லேசாகத் தொட்டு மேற்பரப்பை மட்டும் துடைக்கவும். விரலில் துணி சுற்றித் துடைத்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கி வண்ணத்தையும் எடுத்துவிடும்.

புது ஃபெண்டரில் மாட்டும்போது அதே ஆண்டு, அதே மாதிரிக் காரிலிருந்து எடுத்த காகித அச்சை ஒட்டி ஓட்டைக்குக் குறியிடவும். முதலில் 3 மி.மீ. ஓட்டை, பின் பிடியின் அளவுக்குப் பெருக்கவும். ஓட்டையின் பிசிறை நீக்கி, வெட்டிய விளிம்பில் பிரைமர் தொட்டுக் காயவிடவும். இதை விட்டால் சின்னத்தின் பின்னாலிருந்தே துரு கிளம்பும். நட்டு இருகப் பிடித்ததும் நிறுத்தவும்.”

கு. எழுதியது:

தட்டவில்லை. ‘இறுக’ வல்லின றகரம், கடைசி வரியில் இடையின ரகரம் விழுந்திருக்கிறது. ஒரு வரி சேருங்கள்: மறுவார்ப்புச் சின்னத்தில் காம்பு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி இருப்பதுண்டு. ஆகவே சின்னத்தை நேரில் வைத்துப் பார்த்த பிறகே ஓட்டை போட வேண்டும். அச்சை மட்டும் நம்பக் கூடாது.

இனி இரண்டாவது சொல். ‘செயல்திறன் தெரிவு’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பிழை வரும். 1965 டாட்ஜ் டார்ட்டில் சாதாரண 273 எஞ்சின் 180 குதிரைத்திறன். கூடுதல் விலைக்கு 235 குதிரைத்திறன் எஞ்சினைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அது தனித் தெரிவு. அதே ஆண்டு பிளிமத் பாரகூடாவின் ‘ஃபார்முலா எஸ்’ அப்படியல்ல. அதே 235 எஞ்சினோடு இறுக்கமான சஸ்பென்ஷன், அகலமான சக்கரம், சுழற்சிமானி (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டுவது) எல்லாம் கட்டாகச் சேர்ந்து வந்தது. அது தொகுதி. 1960 வேலியன்ட்டின் ‘ஹைப்பர் பேக்’ இரண்டும் அல்ல. 101 குதிரைத்திறன் எஞ்சினை 148 ஆக்கும் உதிரிபாகங்கள், விற்பனையாளர் கையில் வாங்கிப் பொருத்துவது. நீண்ட குழல்கள் கொண்ட உள்ளிழுப்புப் பன்மடி (இன்டேக் மேனிஃபோல்ட்), நால்வாய்க் கார்புரேட்டர் (ஃபோர் பேரல்). இதற்கு ‘பின்பொருத்து’ என்று எழுதலாம்.

‘வேகத் தொகுதி’ என்று யாரும் சொல்ல வேண்டாம். 1963 நோவா எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 194 கன அங்குல ஆறு உருளையோடு மட்டும்தான் வந்தது. எஸ்எஸ் எழுத்தும் உள் அலங்காரமும் இருந்தன, வி8 இல்லை. 1968-இல்தான் அதே எஸ்எஸ் 350 எஞ்சினைக் கொண்டுவரும் தொகுதியானது. முன்னதற்கு ‘அணித் தொகுதி’, பின்னதற்கு ‘திறன்தொகுதி’ என்று பிரித்தால் வாசகர் ஏமாற மாட்டார்.

செ. எழுதியது:

‘திறன்தொகுதி’யில் புணர்ச்சி எங்கே? பொன்+குடம் பொற்குடம். திறன்+தொகுதி திறற்றொகுதி.

‘நால்வாய்க் கார்புரேட்டர்’ வேண்டாம். நால்வாய் என்றால் யானை. நாலுகின்ற வாய், அதாவது தொங்குகின்ற வாய், வினைத்தொகை.

யா. எழுதியது:

திறற்றொகுதி எண்டு அச்சடிச்சால் ஆரும் ஒருமுறையில வாசிக்கமாட்டினம், ஐயா. இலக்கணம் சரிதான். ஆனால் இப்ப ‘திறன்பேசி’ எண்டு எழுதிறம். ஆரும் ‘திறற்பேசி’ எண்டு எழுதிறதில்லை.

நால்வாய் பற்றி நீங்கள் சொன்னது எனக்குப் புதுசு, நன்றி. ‘நான்கு குழல் கார்புரேட்டர்’ எண்டால் குழப்பமில்லை.

கு. எழுதியது:

நான்கு குழல், ஏற்கிறேன். மெக்கானிக் தொண்டைப்பகுதியில் பார்ப்பதும் நான்கு குழல்தான்.

இரா. எழுதியது:

நேரமாகிவிட்டது. நேற்றிரவுவரை வந்த தனிமடல்களையும் சேர்த்தால் ‘எஞ்சின் சின்னம்’ பக்கம் ஐந்து பேர், ‘பொறியடையாளம்’ பக்கம் செ. ஐயாவும் இன்னொருவரும். ‘எஞ்சின் இலக்கம்’ என்றும் ஒருவர் சொன்னார். அது பதிவுப் புத்தகத்தில் எழுதும் எஞ்சின் எண்ணோடு குழம்பும் என்பதால் விட்டேன்.

கோப்பில் போயிருப்பவை: எஞ்சின் சின்னம், தகவல் தகடு, எஞ்சின் பொறிப்பு, தெரிவு, திறன்தொகுதி, அணித் தொகுதி, பின்பொருத்து, நான்கு குழல் கார்புரேட்டர். காம்பாக்ட்டை அப்படியே விட்டேன். 181 அங்குல நீள ஃபால்கனைச் ‘சிறுகார்’ என்று எழுதக் கை வரவில்லை.

செ. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. எஞ்சின் ஆங்கிலம், சின்னம் வடமொழி. ‘எஞ்சின் சின்னம்’ என்ற தொடரில் தமிழ் எங்கே இருக்கிறது? சொல்லடைவில் ‘பொறியடையாளம் – காண்க: எஞ்சின் சின்னம்’ என்று ஒரு வரியாவது போடு தம்பி. தேடி வருகிற ஒருவருக்காவது அது கண்ணில் படட்டும்.

இரா. எழுதியது:

போட்டுவிட்டேன் ஐயா. ப வரிசையில், ‘பொறிப்பு’க்குக் கீழே.