ஷான் சூட்டர் மரணம்: ஆய்வுகள் தற்கொலை என்கின்றன, சான்றிதழ் ஏன் இன்னும் கொலை என்கிறது?

நிலவன் (கேள்வி)

அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் போலீஸின் கொலைப் பிரிவு டிடெக்டிவ் ஷான் சூட்டர் வழக்கு பற்றி. 2017 நவம்பர் 15 மாலை நாலரை மணிவாக்கில், ஹார்லெம் பார்க் பகுதியில் பென்னட் பிளேஸ் தெருவோரக் காலி மனையில் தலையில் குண்டடிபட்டு விழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் உயிர் போனது. அதே மறுநாள்தான் அதே போலீஸின் துப்பாக்கித் தடம் தேடும் சிறப்புப்படை (Gun Trace Task Force) ஊழலை விசாரித்த கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழு) முன் அவர் சாட்சி சொல்லியிருக்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் வந்த சுயாதீனக் குழுவின் 207 பக்க அறிக்கை தற்கொலை என்கிறது. மாநில மருத்துவ ஆய்வாளர் இறப்புச் சான்றிதழில் கொலை என்று எழுதியதை மாற்றவே இல்லை. சான்றுகளில் எது திடமானது, எது ஊகம்? அறிக்கையை முழுதாகப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

தடயம்_மணி

நிலவன், நான் முதலில் பார்ப்பது சட்டைக்கை. வலது மணிக்கட்டுப் பகுதியில் சட்டைத்துணியின் உட்புறத்தில் ரத்தத் தெறிப்பு இருந்தது. காயத்திலிருந்து தெறிக்கும் ரத்தம் துணியின் உட்பக்கம் போய்ச் சேர வேண்டுமென்றால், அந்தக் கை காயத்துக்குப் பக்கத்தில், திறந்த முனை காயத்தைப் பார்த்தபடி இருந்திருக்க வேண்டும். கை கீழே தொங்கியிருந்தாலோ வேறொருவனுடன் மல்லுக்கு நின்றிருந்தாலோ அப்படிப் படியாது. சுட்டது அவருடைய சொந்தத் துப்பாக்கி. அது அவர் உடலுக்கு அடியில் கிடந்தது, குழலுக்குள் அவருடைய டிஎன்ஏ இருந்தது. வயர்லெஸ் இடது கையிலேயே இருந்தது. துப்பாக்கியைப் பிடுங்க ஒருவன் பாய்ந்தால், வயர்லெஸ்ஸைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தடுப்பதுதான் இயல்பு.

அடுத்தது நேரக்கணக்கு. கூட வந்த டிடெக்டிவின் கண்ணிலிருந்து அவர் மறைந்ததற்கும் வேட்டுச் சத்தத்துக்கும் இடையே நொடிக்கணக்கு இடைவெளிதான். அதற்குள் ஒருவன் துப்பாக்கியைப் பறித்து, சுட்டு, அதை உடலுக்கடியில் போட்டுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போயிருக்க வேண்டும்.

வடகரை

சட்டைக்கை வாதத்தை ஏற்கிறேன். ஆனால் பலவீனங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், மணி. சுட்டபின் வெளியே விழும் வெற்றுத் தோட்டா உறைகள் மூன்று கிடைத்தன. தற்கொலை என்றால் மற்ற இரண்டு வேட்டு எதற்கு? கடமையில் கொல்லப்பட்டதுபோல் காட்டுவதற்கு என்கிறது குழு. அது ஊகம், தடயம் அல்ல. கடைசி வயர்லெஸ் அழைப்பு சில நொடிதான், பேச்சு புரியவில்லை. அதை எந்தப் பக்கத்துக்கும் சான்றாக வைக்க முடியாது.

களத்தைக் கையாண்ட விதமும் சரியில்லை. அவரை ஏற்றிச் சென்ற போலீஸ் காரே வழியில் மோதி, வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. உயிரைக் காப்பாற்றப் போராடும்போது தூக்குவதும் மாற்றுவதும் தவிர்க்க முடியாதவைதான். ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் உடையிலிருக்கும் ரத்தத்தடம் புதிதாகப் படியலாம், கலையலாம். தெறிப்புக்கும் உரசலில் பட்ட கறைக்கும் உள்ள வேறுபாட்டைத் தடயவியலார் ஒவ்வொரு புள்ளிக்கும் சொல்லியாக வேண்டும்.

உயிரைப் பறித்த தோட்டா மனையின் மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, சில நாள் கழித்துத்தான் கிடைத்தது. தோட்டா உடலைத் துளைத்து வெளியேறியது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அன்றைக்கே மண்ணைச் சலித்திருப்பார்கள். அதற்குள் கொலைகாரன் என்று ஓர் அடையாளத்தைப் பரப்பி, 2,15,000 டாலர் வெகுமதியும் அறிவித்து, தெருக்களை நாள்கணக்கில் அடைத்து, குடியிருப்பவர்களிடமே அடையாள அட்டை கேட்டார்கள். அந்த வருடம்தான் மத்திய அரசோடு சீர்திருத்த ஒப்பந்தத்துக்குத் துறை கட்டுப்பட்டிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் பின்னால் வந்த எந்த முடிவையும் நம்பவில்லை என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கோர்ட்குறிப்பு

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இறப்பு முறைக்கு ஐந்து வகைதான்: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க முடியாதது. அதைத் தீர்மானிப்பது மருத்துவ ஆய்வாளர். சுயாதீனக் குழுவுக்கோ போலீஸ் கமிஷனருக்கோ அந்த அதிகாரம் கிடையாது. 2019இல் மேரிலாந்து மாநிலக் காவல்துறை மறுபார்வை செய்து தற்கொலை என்ற முடிவோடு ஒத்துப்போன பிறகு, அன்றைய கமிஷனர் மைக்கேல் ஹாரிசன் விசாரணை முடிந்தது என்றார். அதனாலும் சான்றிதழ் மாறவில்லை.

2010 வழக்கைப் பார்க்காமல் இந்த மரணத்தைப் பேசவே கூடாது. அந்த ஏப்ரலில் ஒரு காரைத் துரத்தியதில் நடந்த மோதலில் 86 வயது முதியவர் இறந்தார். துரத்தப்பட்ட காரில் ஹெராயின் வைக்கப்பட்டது. அதைத் தேடி எடுத்தவர் சூட்டர். ஓட்டியவருக்கு 15 ஆண்டு தண்டனை. 2017 நவம்பர் 30இல், அதாவது சூட்டர் இறந்து இரண்டு வாரத்துக்குப் பின், சிறப்புப்படையின் சார்ஜென்ட் வெய்ன் ஜென்கின்ஸ் மீது வந்த குற்றப்பத்திரிகை, பொருளை வைக்கச் செய்தவர் ஜென்கின்ஸ், எடுத்தவருக்கு அது தெரியாது என்றது. ஜென்கின்ஸுக்குப் பிறகு 25 ஆண்டு. ஆனால் 2018 பிப்ரவரி விசாரணையில் அதே படையைச் சேர்ந்த மொமொடு கோண்டோ, முன்னொரு காலத்தில் சூட்டரும் தங்களோடு பணம் திருடியதாகச் சாட்சி சொன்னார். சூட்டர் இறந்துவிட்டதால் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை.

நிலவன்

அப்படியென்றால், சாட்சி சொல்லவிடாமல் சக போலீஸ்காரர்கள் தீர்த்துக்கட்டினார்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் உண்டா?

தடயம்_மணி

தடயத்தில் இல்லை. அந்தப் படையின் ஏழு பேர் 2017 மார்ச் 1 அன்றே கைதாகிவிட்டார்கள், சிலர் அதற்குள் வாக்குமூலமும் கொடுத்திருந்தார்கள். சூட்டர் வாயை மூடுவதால் அவர்களுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அந்தப் பேச்சு வேரூன்றக் காரணம் வேறு: கமிஷனர் கெவின் டேவிஸ் சாட்சி விவகாரத்தை ஒரு வாரம் கழித்து, நவம்பர் 22 அன்றுதான் வெளியே சொன்னார். டிசம்பர் 1 அன்று எஃப்பிஐ இதை எடுத்துக்கொள்ளக் கேட்டார், அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

வடகரை

அந்த மறுப்புத்தான் என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு. ஊழல் வழக்கை நடத்திய அமைப்பே இதையும் விசாரித்திருந்தால் வயர்லெஸ், சட்டை, தோட்டா மூன்றும் ஒரே கையில் இருந்திருக்கும். அறிக்கையைப் படிக்கும்போது முடிவுரையை விட்டுவிட்டு, பென்னட் பிளேஸ் நிமிட வரிசையையும் சட்டைப் படங்களின் விளக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், நிலவன். கூட வந்தவர் நின்ற இடம், மனையின் முகப்பு, பின்சந்து மூன்றையும் ஒரு தாளில் வரைந்துகொண்டால், ஓடித் தப்ப எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்பது நீங்களே கணக்குப் போடக்கூடியதாகிவிடும்.