உப்பள வெயிலும் லித்தியம் மாத்திரையும்: ஜான் கேடின் ஆய்வு பற்றி ஒரு சந்தேகம்

வாலிநோக்கம்_ஆசிரியை:
மே மாதம் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மனநலக் கூட்டம் நடக்கிறது. லித்தியத்தின் பயனைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேடிலிருந்து பேச்சைத் தொடங்க எண்ணம். லித்தியம் கொடுத்ததும் கினிப்பன்றிகள் சாந்தமாகிவிட்டன என்கிறார்களே, அந்தச் சோதனை உண்மையில் அதைத்தான் காட்டியதா? இன்னொன்று, இருமுனைக் கோளாறுக்கு (மனம் ஒரு சமயம் மிதமிஞ்சிக் கிளர்ந்து, இன்னொரு சமயம் சோர்ந்துபோகும் நோய்) லித்தியம் சாப்பிடுகிறவர் பாத்தியில் இறங்கி உப்பு வாரலாமா? பிரஷர்காரர்களுக்குச் சொல்வது போல இவர்களிடமும் "உப்பைக் குறை" என்கிறார்கள். சரியா?

எலிக்கூண்டு:
சாந்தம் என்று சொல்ல அந்தச் சோதனையில் ஆதாரம் போதாது. கேட் தேடியதே வேறு. மேனியா (மிதமிஞ்சிய மனக்கிளர்ச்சி) நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று நினைத்து, அதைக் கினிப்பன்றிகளின் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்தார். விலங்குகளைக் கொன்றது சிறுநீரிலுள்ள யூரியா. அதன் வீரியத்தை யூரிக் அமிலம் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. யூரிக் அமிலம் தண்ணீரில் சரியாகக் கரையாது. நன்றாகக் கரைவது லித்தியம் யூரேட். அதைச் சேர்த்ததும் நஞ்சு குறைந்தது. லித்தியம் உள்ளே வந்த வழி இவ்வளவுதான். பிறகு 0.5 சதவீத லித்தியம் கார்பனேட் கரைசலைத் தனியாகச் செலுத்தினார். சுமார் இரண்டு மணி நேரத்தில் விலங்குகள் துவண்டன, மல்லாக்கப் போட்டாலும் திமிறவில்லை. மேலும் ஓரிரு மணி நேரத்தில் பழையபடி ஆயின.

இங்கேதான் சிக்கல். நடத்தை ஆய்வகங்களில் எலிக்குக் குமட்டல் வரவழைக்க இன்றும் பயன்படுத்துவது லித்தியம் குளோரைடைத்தான். இனிப்புத் தண்ணீர் குடித்த பிறகு அதைச் செலுத்தினால் அடுத்த முறை எலி அந்த இனிப்பைத் தொடாது. ஆகவே துவண்டு கிடந்த விலங்கு சாந்தமாக இருந்ததா, வயிறு புரட்டிக் கிடந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது. இன்றைக்குச் செய்தால், அதே மோல் அளவு சோடியம் குளோரைடு பெறும் ஒரு குழு வேண்டும். ரத்தத்தில் லித்தியம் அளவு, தீனி, எடை, சுழலும் தண்டின் மேல் விழாமல் நிற்கும் நேரம் எல்லாம் குறிக்க வேண்டும். மதிப்பெண் போடுகிறவருக்கு எந்தக் கூண்டு எந்த மருந்து என்று தெரியக் கூடாது. சாதாரண நடமாட்டத்தைக் குறைக்காத அளவில், ஆம்பெட்டமின் என்ற ஊக்க மருந்து கிளப்பிய ஓட்டத்தை மட்டும் அடக்கினால்தான் மேனியாவோடு முடிச்சுப் போடலாம். சில சுண்டெலி வகைகளில் லித்தியம் அதைச் செய்கிறது.

மனிதர்களிடம் கிடைத்த பலன் வேறு, அது நிலைத்தது. கேடின் 1949 கட்டுரையில் மேனியா நோயாளிகள் 10 பேர். முதல் நோயாளிக்கு 1948 மார்ச்சில் தொடங்கி நன்றாகத் தேறினார், 1950-இல் லித்தியம் நஞ்சேறியே இறந்தார். கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை எதற்கு என்று மக்களுக்கு அப்போதுதான் புரியும்.

சிறுநீரக_வழி:
"உப்பைக் குறை" இவர்களுக்குத் தவறான அறிவுரை. சிறுநீரகம் சோடியத்தையும் லித்தியத்தையும் ஏறக்குறைய ஒரே வாசலில் திரும்ப உறிஞ்சுகிறது. உடம்பில் சோடியம் குறைந்தால் லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1949-இலேயே அமெரிக்காவில் உப்பு விலக்கிய இதய நோயாளிகளுக்கு லித்தியம் குளோரைடை உப்புக்குப் பதிலாக விற்று, மரணங்கள் நேர்ந்தன.

வேலை செய்யலாம். வியர்வையில் லித்தியமும் வெளியேறும், ஆகவே வியர்த்தாலே விஷம் என்று பயமுறுத்த வேண்டாம். இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டாமல் விடுவதுதான் ஆபத்து. கடும் வெயிலில் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இடையிடையே உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ. வீட்டுச் சாப்பாட்டில் உப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு வாரம் கருவாடும் மறு வாரம் பத்தியமும் என்று மாறினால் அளவும் ஏறி இறங்கும்.

வெயிலைவிட எனக்குப் பெரிய கவலை இடுப்பு வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். பாராசிட்டமால் ஏற்றாது. டெல்மிசார்டன், ராமிப்ரில், தயசைடு வகைப் பிரஷர் மாத்திரைகளும் ஏற்றும். மருந்துக் கடையில் முதல் வார்த்தையாக "லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள்.

சீரம்_மேசை:
ரத்தம் எடுப்பதில் நடக்கும் இரண்டு தவறுகள். இரவு 9 மணிக்கு மாத்திரை என்றால் காலை 9 மணிக்கு ரத்தம், அதாவது 12 மணி நேரம் கழித்து. காலை மாத்திரை இருந்தால் ரத்தம் கொடுத்த பிறகே போட வேண்டும். இரண்டாவது, பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமலிருக்கப் பெரும்பாலும் போட்டிருப்பது லித்தியம் ஹெப்பாரின்! அதில் எடுத்தால் குழாயின் லித்தியமும் சேர்ந்து, மருந்தே தொடாதவருக்கும் அளவு 1-க்கு மேல் காட்டிவிடும். சிவப்பு மூடியில் எடுங்கள். மதுரைக்கு அனுப்புவதாக இருந்தால் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் தெளியும் நீர்) பிரித்தே அனுப்புங்கள்.

தொடர் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வழக்கமான இலக்கு, 1.5-க்கு மேல் நஞ்சு. மருந்தளவை மாற்றினால் 5 நாளாவது கழித்தே பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம்.

வாலிநோக்கம்_ஆசிரியை:
மிக்க நன்றி. மண்டபம், பாம்பன் பக்கமிருந்து படகுக்காரர்களும் வருவார்கள். அவர்களுக்குத் தனியாக ஏதாவது?

சிறுநீரக_வழி:
தூக்கம். இரவெல்லாம் வலை இழுத்துத் தூக்கம் கெட்டால், மாத்திரை சரியாகப் போட்டாலும் மேனியா கிளம்பலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையும் சாப்பாடும் மாறும். தொடக்கத்தில் ஒன்று, கடலுக்குத் திரும்பிய பிறகு ஒன்று என அளவு பார்ப்பது நல்லது. கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், நாக்குக் குழறல் இவற்றில் எது வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் கரை திரும்பி நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடித்திருக்கிறான் என்று நினைத்துப் படகிலேயே படுக்க வைத்துவிடக் கூடாது. கூட வரும் ஆட்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.