பொருள்: பயோம் – தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சு)

சேலம்: வணக்கம். ஒன்பதாம் வகுப்புச் சுவர்ப்படம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பயோம் என்றால் ஒரே மாதிரித் தட்பவெப்பமும் அதற்கேற்ற செடிகொடி, விலங்குகளும் கொண்ட பெரும் நிலப்பரப்பு. அதற்குப் பாடநூலில் 'பல்லுயிர்த்தொகுதி'. கூடவே 'பல்லுயிர்ப் பெருக்கம்' (உயிர்வகைகளின் பன்மை) வேறு வருவதால் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். துருவத்தை ஒட்டிய மரமில்லாக் குளிர்நிலமான டன்ட்ராவில் உயிர்வகை குறைவு; அதைப் 'பல்லுயிர்' என்பதும் இடிக்கிறது. கட்டம் சின்னது, சொல்லும் சின்னதாக வேண்டும்.

ஆத்தூர்: திணை இருக்க ஏன் தேடல்? நிலமும் பொழுதும் முதற்பொருள். "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" எல்லாம் கருப்பொருள். தட்பவெப்பம் முந்தி, உயிர்கள் பிந்தி. 1916இல் அமெரிக்கத் தாவரவியலாளர் கிளெமென்ட்ஸ் 'பயோம்' என்று பெயர் வைக்கும் முன்பே தொல்காப்பியர் வகுத்துவிட்டார். 'உயிர்த்திணை' என்று போடுங்கள்.

ஓமலூர்: வகுப்பில் சொன்னால் 'உயர்திணை' என்றுதான் காதில் விழும். அப்புறம் அஃறிணைப் பயோம் எது என்பான் :-) 'பயோம்' என்றே விடுங்கள். காப்பியை மொழிபெயர்த்தா குடிக்கிறோம்?

ஆத்தூர்: காப்பிக்குக் 'குளம்பி' உண்டு. திணைக்கு வேர் 'திண்' என்பார்கள். திண்மை, திண்ணை எல்லாம் அதே வேர்தானாம்...

ஏற்காடு: குளம்பி என்றால் இங்கே தோட்டத்தில் மாட்டுக்கு என்ன ஆச்சு என்பார்கள். திண்ணையிலிருந்து இறங்குவோம் ஐயா.

திணையில் அளவு உதைக்கிறது. பயோம் கண்டம் தழுவியது. ஆண்டுச் சராசரி வெப்பத்தையும் மழையையும் இரு அச்சுகளில் வைத்துத்தான் சூழலியலாளர் விட்டேக்கர் பிரித்தார். திணையோ எங்கள் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவில் மாறிவிடும். அடிவாரத்தில் முட்புதர், மேலே சோலைத் துண்டுகள். 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும் கணக்கில், சேலத்துக்கும் இங்கேயும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். அது காட்டு வகையை மாற்றும். அதற்காக இதைத் தனிப் பயோம் என்பதில்லை. இமயம் மாதிரி உயர்ந்த மலைகளில் பயோம்கள் அடுக்கடுக்காக வரும். எங்கள் சேர்வராயன் மலை 1600 சொச்சம் மீட்டர்தான்.

பாலைவனப் பயோமுக்குப் பாலை என்ற திணைப்பெயரும் உதவாது. சிலம்பில் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து "பாலை என்பதோர் படிவம்" கொள்ளும். அது வறட்சியில் கெட்ட நிலம். சகாரா போன்ற பாலைவனமோ இயல்பிலேயே ஒரு பயோம்.

ஆத்தூர்: சரி, டன்ட்ராவுக்காவது 'குளிர்ப்பாலை'?

ஏற்காடு: வேண்டாம். டன்ட்ராவிலும் பாலைவனம் போல ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அடிமண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடப்பதால் உருகிய நீர் கீழே இறங்காது. குளிரில் ஆவியாவதும் குறைவு. கோடையில் சதுப்பும் கொசுவும்தான். பாலை என்று எழுதினால் பையன் ஒட்டகம் வரைந்துவிடுவான்.

சேலம்: முடித்துவிடுகிறேன். 'பல்'லை மட்டும் பிடுங்கி 'உயிர்த்தொகுதி'. தேர்வில் மதிப்பெண் போகாமலிருக்க அடியில் பொடி எழுத்தில் பாடநூல் சொல். டன்ட்ரா டன்ட்ராவே.

ஓமலூர்: தொகுதி என்றால் எம்.எல்.ஏ. யார் என்பான். ஆனாலும் சரி.

ஏற்காடு: சரி.

ஆத்தூர்: அச்சடியுங்கள். ஆனால் 'தொகுதி' உயிர்க்கூட்டத்தை மட்டும்தான் சொல்கிறது. நிலமும் பொழுதும் எங்கே? அடுத்த பதிப்புக்கு முன் இதே இழையில் எழுதுவேன்.