திருவிழாச் சோறு: பொட்டலம் போய்ப் பந்தி திரும்புமா?

சத்துணவு டீச்சர் (ஏற்காடு) கேட்கிறார்:

ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். அறுபது குடும்பம், ஓடு வேய்ந்த சின்னக் கோயில். பங்குத்தந்தை மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் வாசகம் வாசித்துச் செபம் சொல்வார். நான் முப்பத்தோரு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பாடம் நடத்தியதே இல்லை, பருப்பு அளந்ததுதான்.

எங்கள் பாதுகாவலர் வனத்து அந்தோணியார். ஜனவரி 17 திருநாள். பதுவை அந்தோணியாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவருக்கு ஜூன் 13. இவர் எகிப்து நாட்டு வனாந்தரத் துறவி, ஆடுமாடுகளுக்குக் காவல். திருநாளன்று காலையில் ஆடுமாடுகளைக் கோயில் வாசலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துக்கொண்டு போவார்கள். பொங்கலை ஒட்டி வருவதால் பக்கத்து மலையாளி ஊர்க்காரர்களும் தங்கள் மாடுகளைக் கொண்டுவருவார்கள். (வெளியூர்க்காரர்களுக்காக: மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி மக்கள்.)

2020 வரை பூசை முடிந்ததும் பந்தி. கோயில் முற்றத்தில் பாய் விரித்து, மந்தாரைத் தையல் இலை போட்டு, முந்நூற்றைம்பது பேர் மூன்று பந்தியில் சாப்பிடுவார்கள். 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு, நேர்ச்சைக்கு வந்த ஆடுகள், ரசம், மோர். ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று வருடம் முழுவதும் அளந்த கைக்கு அன்று ஒரு நாள்தான் அள்ளிப் போட அனுமதி. எந்த வரிசையில் இடம் காலியோ அங்கேதான் உட்கார வேண்டும். அதனால் தோட்டத்து ரைட்டரும் காப்பி பறிக்கிற பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இலையில் இருப்பார்கள். வேலித் தகராறில் நான்கு வருடம் முகம் பார்க்காத இரண்டு பங்காளிகள் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டு, “அந்தத் தண்ணீர்ச் செம்பை இப்படித் தள்ளு” என்று ஆரம்பித்ததைக் கரண்டியும் கையுமாக நின்று பார்த்திருக்கிறேன்.

பிறகு மார்ச் 25 அன்று கொரோனா ஊரடங்கு வந்தது. அந்த வருடம் ஏப்ரல் 12 உயிர்ப்பு ஞாயிறு. கோயில் பூட்டு. தொலைக்காட்சியில் பூசை பார்த்தோம். டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று கைபேசியில் பார்த்தவர்களும் உண்டு. தோட்டத்தில் வேலை நின்றுபோனது. நாங்கள் நான்கு பெண்கள் கோயில் அண்டாவை எடுத்துச் சமைத்து, பொட்டலம் கட்டி, ஒவ்வொரு திண்ணையிலும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தோம். ஆகவே பொட்டலத்தை நான் பழிக்கவில்லை. எங்கள் ஊரில் முதல் பொட்டலம் கட்டியவளே நான்தான்.

2021-இல் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கூட்டம் சேர்க்கக் கூடாது என்பதால் சோற்றைப் பொட்டலமாகக் கொடுத்தோம். சரியான முடிவு. 2022-இல் பொங்கலை ஒட்டி ஜனவரி 14 முதல் 18 வரை வழிபாட்டு இடங்களை அரசு மூடியது. எங்கள் 17 அதற்குள் விழுந்தது, கொடியே ஏறவில்லை. 2023-இல் கொடி திரும்பியது, தேர் திரும்பியது, காது கிழிக்கிற ஒலிபெருக்கியும் திரும்பியது. பந்தி மட்டும் வரவில்லை. சேலத்தில் ஒரு காண்டிராக்டரிடம் சொல்லி அலுமினிய டப்பாவில் பிரியாணி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் ஆறிவிடும். கோயில் கேட்டில் டோக்கனைக் கொடுத்தால் டப்பா. வாங்கியவர் அப்படியே வீட்டுக்கு.

அந்த ஆண்டு மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. எங்கள் முற்றத்துக்கு அந்தச் செய்தி இன்னும் மலை ஏறவில்லை. ஆண்டுதோறும் டப்பாதான்.

போன மாதம் ஊர்க்கூட்டத்தில் பந்தியைப் பற்றிப் பேசினேன். “இந்தக் காலத்தில் யார் டீச்சர் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்?” என்றார் பொருளாளர். பையன்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஊரில் நின்றுபோன பந்தியைத் திரும்பத் தொடங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எதிலிருந்து ஆரம்பித்தீர்கள்? எத்தனை பேருக்கு உலை வைத்தீர்கள்?

இருபதாம் வளைவு:

வணக்கம் டீச்சரம்மா. நானும் மலைதான், வேறு பங்கு. வாடகை ஜீப் ஓட்டுகிறேன். உங்கள் ஊருக்கு இல்லை, எங்கள் ஊருக்கு அந்த டப்பாக்களை ஏற்றி வருகிறவன் நான்தான், திட்டிவிடாதீர்கள்.

பையன்கள் கைபேசியைப் பார்த்தது சோம்பலால் மட்டும் இல்லை. எங்கள் ஊரில் 2019 திருவிழாவுக்குத் தண்ணீர் சுமக்கவும் விறகு பிளக்கவும் இருபத்திரண்டு பேர் இருந்தோம். ஊரடங்கில் கூலி இல்லாமல் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போனவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். இப்போது உள்ளூரில் ஏழு பேர். வெளியூர்க்காரர்கள் திருவிழாவுக்கு இரண்டு நாள் விடுப்பில் வருகிறார்கள். அந்த இரண்டு நாளையும் அடுப்புப் புகையில் கழிக்கச் சொன்னால் அடுத்த வருடம் வரமாட்டார்கள். ஜனவரி காப்பி பறிப்புக் காலம் வேறு. தோட்டத்தில் ஒரு நாள் லீவு வாங்குவதே பெரிய பாடு.

டப்பா எங்களுக்கு ஒன்று 110 ரூபாய் ஆகிறது. முந்நூற்றைம்பதுக்குப் போட்டுப் பாருங்கள், 38,500. அந்தப் பணத்தில் அரிசி, ஆடு, மளிகை வாங்கிப் பாத்திரம் கழுவ நான்கு பேருக்குக் கூலியும் கொடுத்துவிடலாம். கூட்டத்தில் பந்தியின் பெருமையைப் பேசாதீர்கள் டீச்சரம்மா, பொருளாளரிடம் இந்தக் கணக்கை நீட்டுங்கள்.

அடுப்படி:

நானும் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள், கல்யாணமாகி இப்போது சேலத்தில் இருக்கிறேன். டீச்சர் எழுதியதைப் படித்ததும் ஏக்கம் வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

பந்தி என்றதும் உங்களுக்கு வரிசை ஞாபகம் வருகிறது. எனக்குப் புகை. எங்கள் கோயிலில் முதல் பந்தி ஆண்களுக்கும் வந்த விருந்தாளிகளுக்கும். இரண்டாவது பந்தி பிள்ளைகளுக்கு. மூன்றாவதில் பெண்கள். சமைத்த பெண்கள் அதற்கும் பிறகு, நான்கு மணிக்கு, அண்டாவின் அடியில் ஒட்டியதை வழித்து நின்றபடி சாப்பிடுவோம். கறி இருக்காது, குழம்பு இருக்கும். என் அம்மா அந்தத் திருநாளில் ஒரு தடவைகூட பூசைப் பிரசங்கம் கேட்டதில்லை. வெங்காயம் உரிக்கிறவளுக்கு ஏது பிரசங்கம்?

டப்பா வந்த வருடம் அம்மா முதன்முறையாகப் புதுப்புடவையைக் காலையிலிருந்து மாலைவரை கட்டியிருந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து பூசை பார்த்தாள். பந்தியைக் கொண்டுவாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் சமைப்பது, யார் முதலில் சாப்பிடுவது என்பதை அதற்கு முன்னால் பேசி முடியுங்கள்.

சத்துணவு டீச்சர்:

அடுப்படி அம்மா, நீங்கள் எழுதியது சுருக்கென்று தைத்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அதிகாரம் செய்தவள் நான். நான்கு மணிக்குச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி, ஆனால் எனக்கு மட்டும் யாராவது இரண்டு துண்டு கறி எடுத்து வைத்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் அதை நான் யோசித்ததே இல்லை.

இருபதாம் வளைவுத் தம்பி, கணக்குக்கு நன்றி. நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏழு பேர் என்ற கணக்கு எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது.

சேர்வராயன் பக்கம்:

நான் கிறிஸ்தவன் இல்லை. டீச்சரம்மா சொன்ன பக்கத்து ஊர் மாதிரியான ஒரு மலையாளி ஊர்தான் எங்களுடையது. எதிர்த்த சரிவில் ஒரு மாதா கோயில். மே மாதம் மேலே சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும்போது அவர்கள் வருவார்கள், அவர்கள் திருநாளுக்கு நாங்கள் போவோம். என் தாத்தா காலத்திலிருந்து அப்படி.

முன்பெல்லாம் திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது கோயிலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு எங்கள் ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்கள். மழை, மாடு, மிளகு விலை எல்லாம் பேசுவார்கள். இப்போது ஆட்டோவில் ஒரு சாக்கு வருகிறது, உள்ளே நாற்பது டப்பா. சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டேன். டப்பாவை வாங்க ஒரு ஆள் போதும், பந்தி என்றால் குடும்பமே கிளம்ப வேண்டும். குடும்பம் கிளம்பினால்தான் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வருவோம். இப்போது மாடு மந்திரிக்க யாரும் போவதில்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டாவது வருடமும் சாக்கு வந்தபோது என் சித்தப்பா கேட்டார்: “நாம் அங்கே வர வேண்டாம் என்று நினைக்கிறார்களா?” நோய்க்குப் பயந்து செய்கிறார்கள் என்று சொன்னேன். மூன்றாவது வருடம் அவர் கேட்கவில்லை.

நாங்களும் யோக்கியம் இல்லை. 2020-இல் வெளியாள் யாரும் வரக் கூடாது என்று ஊர் வழியில் முள்ளை வெட்டிப் போட்டு மறித்தோம். ஆடு மேய்க்க வழி வேண்டியிருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினோம். வழி திறந்துவிட்டது என்று உங்கள் பக்கத்துக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை.

மூக்கனேரி:

சேலம் நகரத்திலிருந்து, தென்னிந்தியத் திருச்சபைக்காரி. எங்கள் சபையில் இதே கதை வேறு பாத்திரத்தில் நடந்தது. ஆராதனையில் திருவிருந்தின்போது திராட்சை ரசத்தை எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடித்துவந்தோம். நோய்க்குப் பிறகு ஆளுக்கொரு சின்னக் கோப்பை. கோப்பை போதும் என்று யாரும் தீர்மானம் போடவில்லை, கிண்ணம் வேண்டும் என்றும் போடவில்லை. அது அலமாரியில் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, சளி பிடித்த காலத்தில் கோப்பைதான் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. கழுவுகிற வேலைதான் கூடியது.

கூடிச் சாப்பிடுவது நின்றதில் மட்டும் வருத்தம் இருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு ஒரேயடியாகப் பெரிய விருந்து வைக்கப் பார்த்துத் தோற்றோம். பாதிப் பேர் தட்டில் வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டு வண்டி ஏறிவிட்டார்கள். அடுத்த கிறிஸ்துமஸ் இரவு ஆராதனை முடிந்ததும், அதிகம் யோசிக்காமல், வாசலில் ஒரு அண்டா சுக்குக் காப்பி வைத்தோம். எவர்சில்வர் டம்ளர் நூறு. காப்பியைக் கவரில் கொண்டுபோக முடியாது, டம்ளரையும் கொண்டுபோக முடியாது. குளிருக்கு நின்று குடித்தார்கள், குடித்தபடி பேசினார்கள், முக்கால் மணி நேரம் யாரும் கிளம்பவில்லை. ஆண்கள்தான் கலக்கினார்கள், அவ்வளவு சர்க்கரையை நான் வாழ்க்கையில் குடித்ததில்லை. அதற்கடுத்த அறுப்பின் பண்டிகைக்கு இலை போட்டபோது உட்கார்ந்தார்கள்.

மேடம், உங்கள் மலையில் காப்பிக்கா பஞ்சம்? முந்நூற்றைம்பதில் ஆரம்பிக்காதீர்கள்.

சத்துணவு டீச்சர்:

மூன்று நாளாக இதையெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாயிறு செபம் முடிந்ததும் உபதேசியாரிடமும் பொருளாளரிடமும் பேசினேன். முடிவானவற்றைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் இரவுப் பூசைக்குப் பிறகு காப்பி. எங்கள் வீட்டுத் தோட்டத்துக் கொட்டை, நானே வறுத்துத் தருகிறேன். கலக்குவது பையன்கள். சர்க்கரை டப்பா என் கையில் இருக்கும்.

ஜனவரியில் பந்தி, ஆனால் நூற்றைம்பது பேருக்கு மட்டும் உலை. இருபது கிலோ அரிசி போதும், பத்து பேர் கூட வந்தாலும் சமாளிக்கலாம். நடக்க முடியாத பெரியவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் போகும். டப்பாவே வேண்டும் என்கிறவர்களுக்கு டப்பாவும் உண்டு. அதற்குப் பொருளாளர் பிடிவாதமாக நின்றார், விட்டுக்கொடுத்தேன். காய் நறுக்கப் பெண்கள், அடுப்பில் நிற்கவும் பரிமாறவும் ஆண்கள். முதல் பந்தி சமைத்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும். இதைச் சொன்னபோது கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயரைப் பரிமாறுகிறவர் பட்டியலில் முதலில் எழுதிவிட்டேன்.

சேர்வராயன் பக்கத்துத் தம்பிக்கு: உங்கள் சித்தப்பா கேட்டதை உபதேசியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஜனவரி 13 அன்று, பொங்கல் வேலை தொடங்குவதற்கு முன்னால், அவரும் நானும் வெற்றிலை பாக்கோடு எங்கள் பக்கத்து ஊருக்கு நடந்து போகிறோம். ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், என் முழங்கால்தான் முணுமுணுக்கிறது.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. நேற்று சாமான் அறையைத் திறந்தோம். பித்தளை அண்டா மூன்றும் ஊரடங்குச் சமையலுக்குப் பிறகு கவிழ்த்து வைத்தது வைத்தபடி இருக்கின்றன. உள்ளே ஈயம் முழுக்கப் போய்விட்டது, புளி சேர்ந்த குழம்பை அதில் வைக்க முடியாது. முன்பு மலைக்கே வந்து ஈயம் பூசிக் கொடுத்தவர் இப்போது வருவதில்லை. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கமோ வேறு எங்கோ இப்போதும் ஈயம் பூசுகிறவர் இருந்தால் யாராவது சொல்லுங்கள். இருபதாம் வளைவுத் தம்பி, டப்பா ஏற்றக் கீழே போகும்போது ஜீப்பில் மூன்று அண்டாவுக்கு இடம் இருக்குமா?